மாப்பிள்ளையின் படிகம்

அவன் மூக்கில் கண்ணாடி கிடையாது. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் அவன் பெயர் கண்ணாடிதான். யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் "கண்ணாடியைப் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் விழிப்பார்கள். அந்தத் தளத்தில் அவனைத் தவிர மற்ற எல்லாருமே கண்ணாடி போட்டவர்கள்.

அவன் வேலையால் வந்த பெயர் அது. இரண்டு உலோகங்களை உருக்கிக் கலந்து ஆறவிட்டால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டருக்குள் பார்க்கிற வேலை. உலையும் கிடையாது, உலோகமும் கிடையாது. ஒரு பெட்டி, அதற்குள் ஆயிரக்கணக்கில் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு அணு. எது எதை எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நொடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு நேரத்துக்கு அணுக்களை நகர்த்திக் காட்ட அது மாசக்கணக்கில் மூச்சு வாங்கும்.

உருகிய உலோகம் ஆறும்போது அணுக்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் படிகம். வரிசை கட்ட நேரம் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டால் கண்ணாடி. நெரிசலான பஸ்ஸில் கதவு மூடும்போது ஒரு கால் எங்கே இருந்ததோ, இறங்குகிறவரைக்கும் அங்கேயே ஒற்றைக்காலில் நிற்கிறோமே, அந்த மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. உறைய வேண்டிய சூட்டைத் தாண்டிக் கீழே இறங்கிய பிறகும் உறையாமல், இதோ அதோ என்று இழுத்தடிக்கிற திரவம். அந்த இழுத்தடிப்பைப் பார்த்தே கண்ணாடி தன் இளமையைக் கழித்துவிட்டான்.

கம்ப்யூட்டரில் அவன் ஓட்டிய ஓட்டமெல்லாம் கண்ணாடியிலேயே முடிந்தது. அதற்கு அவனிடம் ஒரு காரணமும் இருந்தது. அந்தக் கலவையில் ஒரு அணுவைச் சுற்றி மற்ற அணுக்கள் பந்து மாதிரி சூழ்ந்துகொள்ளும். அந்தப் பந்துகளை எப்படி அடுக்கினாலும் சந்து விழும், வரிசை சேராது. ஆகவே இந்தக் கலவை படிகமாகவே ஆகாது. இப்படி எழுதி, கட்டுரை வெளியாகி, வேறு ஊர்க்காரர்கள் நாலு பேர் அதை மேற்கோள் காட்டியும் ஆயிற்று. அவனுடைய சொத்து என்று பார்த்தால் அந்த ஒன்றுதான்.

இப்படி இருக்கையில்தான் அடுத்த மேசைக்கு ஒரு பையன் வந்து சேர்ந்தான். மரியாதையான பையன். வந்த அன்றிலிருந்து "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே சுற்றினான். கண்ணாடிக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. ஹாஸ்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டுக் கிடக்கிறானே என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் அம்மா கையால் சாப்பிட வைத்தான். ஒரு தரம் போனவன் அடிக்கடி போனான். அம்மாவுக்குப் பிடித்தது. தங்கைக்கும் பிடித்தது. பெட்டிக்குள் அணு அசைவதைத் துணுக்குத் துணுக்காகக் கவனிக்கிற கண்ணாடிக்குத் தன் வீட்டு முன்னறையில் நடந்தது மட்டும் கண்ணில் படவில்லை. பட்டபோது கல்யாணமே நிச்சயமாகியிருந்தது.

அதிலிருந்து அந்தப் பையன் மாப்பிள்ளை. "அண்ணே" என்று கூப்பிட முடியாமல் "மச்சான்" ஆயிற்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் இதைச் சொல்லியே சிரித்தார்கள். கண்ணாடியின் பாடுதான் திண்டாட்டம். "வாடா, அந்த ஃபைலை எடுடா" என்று பழகிய வாய். கல்யாணமான மறுநாளே அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டு மாப்பிள்ளையை டா போடாதே, நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து "வாங்க, போங்க". அவனைவிடப் பல வயசு சின்ன ஆள் "அவர்" ஆகிவிட்டார், கண்ணாடி "அவன்" ஆகவே இருந்தான். கதையிலும் அது அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் வருவார்கள். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி கண்ணாடியுடையது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அது மாப்பிள்ளையுடையது. குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அம்மா எடுத்துப் போடுவது அவர் தட்டில். சமையலறைக் குழாய் வெகுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஒருநாள் வரும்போதே ஸ்பேனரோடு வந்து, பேசிக்கொண்டே சரிசெய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

"பாத்தியா, எவ்வளவு சுலபமா முடிச்சிட்டாரு" என்றாள் அம்மா.

"நான் இந்த வாரம் செய்யலாம்னு இருந்தேன்."

"நீ எந்த வாரமும் செய்யலாம்னுதான் இருப்பே."

தங்கை சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவனைக் காப்பாற்றுகிற மாதிரி, "மச்சானுக்கு ஆபீஸ்ல வேலை அதிகம் அத்தை" என்றார். அதுதான் கண்ணாடிக்கு இன்னும் எரிந்தது.

ஒருநாள் காலை டீ நேரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அவன் மேசைக்கு வந்து நின்றார்.

"மச்சான், ஒரு நிமிஷம் வந்து பாக்கறீங்களா? எனக்கு என்னன்னு புரியல."

அவர் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருக்கிற ஆற்றலைக் காட்டுகிற கோடு. நெடுந்தூரம் ஒரே மட்டமாக வந்து, ஓர் இடத்தில் படி தவறிய ஆள் மாதிரி சட்டென்று கீழே விழுந்திருந்தது. அந்த வீழ்ச்சிக்கு ஒரே அர்த்தம்தான், படிகம். மாப்பிள்ளை இன்னொரு படத்தைத் திறந்தார். ஒழுங்கில்லாத அணுக்களை மங்கலாக்கிவிட்டு, வரிசை கட்டியவற்றை மட்டும் நீலமாகக் காட்டுகிற படம். பெட்டி முழுக்க நீலம்.

"எந்தக் கலவை?" என்று கேட்டான் கண்ணாடி. கேட்கும்போதே தெரியும்.

"உங்களுதுதான் மச்சான். ஆறுற வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு, ஒரே சூட்டுல நிறுத்தி விட்டேன். சும்மாதான்."

சும்மாதான். கண்ணாடி இத்தனை வருஷம் தவம் கிடந்த திரவம், யாரோ சும்மா விட்டுப் பார்த்ததும் வரிசையில் நின்றுவிட்டது. 

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அதற்குள் மேடம் வந்துவிட்டாள். அந்தக் குழுவை நடத்துகிற பேராசிரியை; எல்லாருக்கும் அவள் மேடம்தான். அதிகம் பேசமாட்டாள், பாராட்டவும் மாட்டாள். அவள் மாப்பிள்ளையின் நாற்காலி முதுகில் ஒரு கையை வைத்துக் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் நாற்காலியில் அவள் கை பட்டதே கிடையாது. படிகத்தைவிட அந்தக் கையைத்தான் அவன் அதிகம் பார்த்தான்.

"அடுத்த வாரக் கூட்டத்துல இதைப் பேசுங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் கண்ணாடியைப் பார்த்து, "உங்க பழைய கட்டுரையை நான் திரும்பப் படிக்கணும்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளை என்னமோ கண்டுபிடிச்சிருக்காராமே. நீ ஒரு வார்த்தை சொல்லல."

"கண்டுபிடிப்பெல்லாம் இல்லம்மா. ஒரு படிகம் வந்திருக்கு. அவ்வளவுதான்."

"உனக்கு வந்ததே இல்லையேடா."

அம்மா குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்பளத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அவன் கை கழுவ எழுந்துபோனான். அந்தக் குழாய் சொட்டவே இல்லை.

மறுநாள் கண்ணாடி ஒரு காரியம் செய்தான். மாப்பிள்ளையின் ஓட்டத்துக்கான ஃபைல்கள் எல்லாம் எல்லாரும் பார்க்கிற பொது இடத்தில்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து சல்லடை போட்டுச் சலித்தான். சூடு சரி. அழுத்தம் சரி. கடைசியில் பெட்டியின் அளவைப் பார்த்தான். முதுகு நிமிர்ந்தது.

பெட்டி சின்னது. இந்த வேலையில் பெட்டிக்குச் சுவர் கிடையாது என்று ஒரு பாவனை உண்டு. வலப்பக்கமாக வெளியே போகிற அணு இடப்பக்கமாக உள்ளே வந்துவிடும். அதே பெட்டி நாலா பக்கமும் திரும்பத் திரும்ப இருப்பதாகக் கணக்கு. பெட்டி பெரிதாக இருந்தால் வம்பில்லை. சின்னதாக இருந்தால், உள்ளே முளைக்கிற படிகம் கொஞ்சம் வளர்ந்ததுமே மறுபக்கம் சுற்றி வந்து தன் கையைத் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு அது கலையாது. நிஜத்தில் கரைந்துபோயிருக்க வேண்டிய ஒரு கரு, இடம் சின்னதாக இருந்த ஒரே காரணத்தால் பிழைத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளையின் படிகம் உண்மையான படிகமா, பெட்டி செய்த வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணாடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நேரம், இதை அவரிடம் போய்ச் சொல்லிவிடவேண்டும் என்றும் தோன்றியது. கூட்டத்துக்கு நாள் இருக்கிறது. பெரிய பெட்டியில் ஒரு ஓட்டமாவது ஆரம்பித்துவிடலாம். சின்ன ஆள், தவறுவது சகஜம். உண்மையிலேயே எழுந்தும் விட்டான். அடுத்த மேசையில் மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்து, "உங்க தங்கச்சிதான் மச்சான். அத்தைக்கு முட்டி வலி தேவலையான்னு கேக்கறா" என்றார்.

"என்ன வலி?"

"முட்டி. படி ஏறும்போது பிடிக்குதாம். ஞாயித்துக்கிழமை என்கிட்ட சொன்னாங்க. களிம்பு வாங்கிக் குடுத்தேன்."

ஒரே வீட்டில் இருக்கிறவன் அவன். அம்மாவுக்கு முட்டி வலி என்பது அவனுக்குத் தெரியாது. அவள் அதை மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள்.

"பரவாயில்லைன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி திரும்பி வந்து உட்கார்ந்தான். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கூட்டத்தன்று மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசினார். முதல் வரிசையில் மேடம். பின்னால் பக்கத்துக் குழுக்காரர்கள், சேதி கேள்விப்பட்டு வந்தவர்கள். நீலப் படம் திரையில் வந்ததும் ஓரிருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது கண்ணாடி அவசரப்படவில்லை. இரண்டு பேர் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

"பெட்டி எவ்வளவு பெரிசு?"

மாப்பிள்ளை சொன்னார்.

"படிகத்தோட கரு பெட்டி அளவுக்கு வளந்ததும் அது எதைத் தொடும்?"

 மாப்பிள்ளை திரும்பித் திரையைப் பார்த்தார். கேள்வி அவருக்குள் இறங்குவதைக் கண்ணாடி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தான். காது மடல் சிவந்தது.

"தன்னையேதான் தொடும்" என்றார். "நான் அதைக் கவனிக்கல."

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். முன்னால் இழுத்த நாற்காலிகள் பின்னால் போயின. "பெரிய பெட்டியில பாத்துட்டு மேல பேசலாம்" என்று மேடம் எழுந்துவிட்டாள்.

வராந்தாவில் மாப்பிள்ளை அவன் பக்கத்தில் வந்தார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மச்சான்."

"இப்பத்தான் தோணுச்சு."

"சரி" என்றார் அவர். நம்பிவிட்டார்.

தங்கை நம்பவில்லை. மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள்.

"அண்ணா, உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"எது?"

"நீ கேள்வியை எப்படிக் கேட்டேன்னு அவர் சொன்னார். ரெண்டாவது கேள்வியைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்டிருக்கே. சின்ன வயசுல கேரம் போர்டுல என்னையும் இப்படித்தான் மாட்டிவிடுவே."

"ஆராய்ச்சின்னா கேள்வி கேப்பாங்க. உன் புருஷனுக்குன்னு தனியா பாத்துக் கேக்க முடியுமா?"

"தனியாக் கேட்டிருக்கலாம்" என்றாள். "பக்கத்து மேசைதானே."

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வரவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடி அதில் உட்கார்ந்தான். அம்மா எதிரில் நின்று நல்ல துண்டுகளாகப் பார்த்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு. சாப்பாடே இறங்கலையாம் அவருக்கு. நாலு பேர் முன்னாடி இப்படி ஆயிடுச்சேன்னு பாவம், மனசு விட்டுப்போயிருக்கு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாயேன்."

ஜெயித்தது அவன். பரிதாபம் அவருக்கு. தோற்றும்கூட இந்த வீட்டில் அந்த மனுஷன்தான் முன்னால் நிற்கிறார் என்று கண்ணாடிக்குப் பொருமிக்கொண்டு வந்தது. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டான். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு தானே படியிறங்கிப் போனாள்.

பெரிய பெட்டியை ஓட்டும் வேலையை மேடம் கண்ணாடியிடம்தான் கொடுத்தாள். பெரிய கம்ப்யூட்டரில் நேரம் வாங்கித் தந்தாள். அவன் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். இந்தக் கலவை உறையாது என்று ஒரு முறை ஊரறியக் காட்டிவிட்டால் கதை முடிந்தது. பெட்டியைத் தாராளமாகவே போட்டான், எந்தப் படிகமும் தன்னைத் தானே தொடமுடியாத அளவுக்கு. வாரங்கள் போயின. தினமும் காலையில் வந்ததும் அந்தக் கோட்டைப் பார்ப்பான். மட்டமாகப் போய்க்கொண்டிருக்கும். அடுத்த மேசையில் மாப்பிள்ளை தலை குனிந்து வேறு எதையோ செய்துகொண்டிருப்பார். "குட்மார்னிங் மச்சான்" என்பார், அவ்வளவுதான். கண்ணாடி டீயை ரசித்துக் குடித்த நாட்கள் அவை.

பிறகு ஒரு காலையில் கோடு விழுந்திருந்தது.

முதலில் கம்ப்யூட்டர் ஏதோ சொதப்பிவிட்டது என்று நினைத்தான். இல்லை என்று தெரிந்ததும் படத்தைத் திறந்தான். மங்கல் கடலுக்கு நட்டநடுவில், எந்தப் பக்கத்துக்கும் எட்டாத தூரத்தில், நீல முடிச்சு ஒன்று. அடுத்த படத்தில் அது பெருத்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும். யாருடைய கையையும் பிடிக்காமல் அது தானாக வளர்ந்துகொண்டே போயிற்று.

மாப்பிள்ளை சொன்னது உண்மை. பெட்டி சின்னதாக இருந்தது தப்புதான். ஆனால் படிகம் பொய்யில்லை. பொய் என்று பார்த்தால், "ஆகவே ஆகாது" என்று கண்ணாடி எழுதி வைத்த அந்த ஒரு வரிதான்.

அவன் சன்னலை மூடினான். கம்ப்யூட்டர் சன்னலைத்தான். எழுந்துபோய் முகம் கழுவினான். திரும்பி வந்தபோது கை தானாகவே வேலை செய்தது. கோட்டை அது விழுவதற்குச் சற்று முன்னால் வெட்டினான். வெட்டிய கோடு மட்டமாக, அழகாக இருந்தது. கீழே எழுதினான்: இதுவரை உறையவில்லை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மேடம் அதைப் பார்த்து, "அப்ப கண்ணாடிதான்" என்றாள். அவனைச் சொன்னாளா பொருளைச் சொன்னாளா தெரியவில்லை. சிரித்த மாதிரி இருந்தது. அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. இதற்காக ஏங்கி ஏங்கி, கிடைத்தபோது அது வாயில் மண் மாதிரி இருந்தது.

அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மாப்பிள்ளை அவனிடம் வந்தார்.

"மச்சான், மேடம் கிராஃபைக் காட்டினாங்க. நீங்க சொன்னதுதான் சரி. என் கட்டுரையை விட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

"என் ரன்னை நீங்க பாக்கவே இல்லையே."

"நீங்க பாத்திருக்கீங்கல்ல."

"நான் பாத்தா? நான் சொன்னா அப்படியே எடுத்துப்பீங்களா? ஒரு சந்தேகம் வராதா? மிச்ச ஃபைல் எங்கேன்னு கேக்கத் தோணாதா உங்களுக்கு?" கண்ணாடியின் குரல் உயர்ந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க வந்த ஒருவர் பாட்டிலோடு திரும்பிப் போனார்.

மாப்பிள்ளை குழம்பிப்போய் அவனைப் பார்த்தார். "இந்தக் கலவையை உங்களைவிட யார் மச்சான் அதிகமாப் பாத்திருக்காங்க?"

சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பான். கோள் சொல்லியிருந்தால், முறைத்திருந்தால், மேடத்திடம் முறையிட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த ஆள் முழுசாக நம்பிக்கொண்டு வந்து நிற்கிறார். பொறாமைப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் சரியாக நிற்கவேண்டாமா? கண்ணாடிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் புரியவில்லை.

"வா" என்றான். ங்க விட்டுப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மேசைக்குக் கூட்டிவந்து முழு ஓட்டத்தையும் திறந்தான். கோடு மட்டமாக வந்தது, வெட்டிய இடத்தைத் தாண்டியது, விழுந்தது. பிறகு நீலம்.

மாப்பிள்ளை பெருமையாக ஏதாவது சொல்வார் என்று கண்ணாடி எதிர்பார்த்தான். பார்த்தீர்களா என்றோ, நான் சொன்னேனே என்றோ. மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "எங்க ஆரம்பிச்சுது? கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க" என்றார்.

பின்னால் ஓட்டினான். நீலம் சுருங்கி, முடிச்சாகி, சில அணுக்களாகி, மறைந்தது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு இன்னும் பின்னால் போனார்கள். இப்போது கண்ணாடி தன்னுடைய பந்துகளைச் சிவப்பில் வரச்செய்தான். பெட்டி முழுக்கச் சிவப்புப் பொட்டுகள் அடர்ந்து கிடந்தன. அந்த ஒரு இடத்தில் மட்டும் அவை ஒவ்வொன்றாகக் கலைந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுகூட இல்லாமல் காலியாயிற்று. அந்தக் காலியிடத்தில்தான் முதல் நீலம் வந்தது.

"பந்து தடுக்கல" என்றான் கண்ணாடி மெதுவாக. "தள்ளித்தான் போட்டிருக்கு. எங்கேயாவது ஓரிடத்துல அசந்துச்சுன்னா படிகம் நுழைஞ்சிடுது."

"அப்ப எவ்வளவு நேரம் தள்ளிப்போடும்னு கணக்குப் போடலாமா?"

"போடலாம். இதே மாதிரி நிறைய ஓட்டணும்."

டீ வந்து ஆறிப்போனது. இரண்டு பேரும் முன்னால் ஓட்டினார்கள், பின்னால் ஓட்டினார்கள், ஒருவர் கையிலிருந்து மற்றவர் மவுஸைப் பிடுங்கினார்கள். அந்தச் சாயங்காலம் கண்ணாடி பொறாமையை மறந்தே போயிருந்தான். ஞாபகப்படுத்தியது திரையின் ஓரத்தில் இருந்த ஃபைல் தேதி. மாப்பிள்ளையின் பார்வை அங்கே போய் நின்றது.

"இது மேடம்கிட்ட கிராஃப் குடுத்ததுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கே."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

 மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். அடிக்கமாட்டாரா என்று கண்ணாடிக்கு இருந்தது.

"உங்க தங்கச்சிகிட்ட இதைச் சொல்லவேண்டாம் மச்சான்" என்றார் கடைசியில். "அவளுக்கு உங்க மேல உயிர். நானும் சொல்லமாட்டேன்." எழுந்து பையை மாட்டிக்கொண்டார். போகிறபோது, "எனக்குக் கோபம் இல்லாம இல்ல" என்று மட்டும் சொன்னார்.

இதிலும் ஒரு படி மேலே போய்விட்டாரே என்றுதான் கண்ணாடிக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று அப்புறம்தான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, யாரும் சொல்லாமல், அவன் மேடத்தின் அறைக்குப் போனான். வெட்டாத கோட்டை மேசையில் வைத்தான். அவள் அதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மிச்சத்தை ஏன் காட்டல?"

தொழில்நுட்பக் கோளாறு, ஃபைல் தாமதம் என்று வரும் வழியில் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் நாக்குக்கு வரவில்லை. "காட்டப் பிடிக்கல மேடம். அவர் சரின்னு ஆயிடும்."

"அவர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இல்லையா?"

"அதனாலதான்."

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உங்களைக் குழுவிலேர்ந்து அனுப்பணும், நியாயமாப் பாத்தா" என்றாள். "நீங்களா வந்ததால இப்ப செய்யல. கட்டுரையில முதல் பேர் அவரோடது. மாநாட்டுக்கும் அவர்தான் போவார். நீங்க இனிமே என்ன ஓட்டினாலும் அவர் ஒரு தடவை பாத்துட்டுத்தான் என்கிட்ட வரணும்."

அது கடைசி அடி. சின்னவர் கையெழுத்துப் போட்டால்தான் பெரியவன் வேலை செல்லும். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

கட்டுரை எழுதி முடிக்க நாளாயிற்று. பந்துகள் பற்றிய பகுதியை அவன் எழுதினான். "ஆகவே ஆகாது" என்று தான் முன்பு சொன்னது தவறு என்ற வாக்கியத்தையும் அவனே எழுதினான். மாப்பிள்ளை அதை இன்னும் மென்மையாக மாற்ற வந்தபோது விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மெல்லத் திரும்பி வந்தது. அம்மாவை முட்டி வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனது இந்த முறை கண்ணாடி. "மாப்பிள்ளை குடுத்த களிம்பே நல்லா கேட்டுச்சு" என்று அவள் டாக்டரிடமே சொன்னாள். என்ன செய்வது.

மாப்பிள்ளை மாநாட்டுக்கு விமானம் ஏறிய அன்று தங்கை அம்மா வீட்டில் தங்க வந்தாள். மறுநாள் மத்தியானம், அம்மா உள்ளே தூங்கும்போது, அண்ணனும் தங்கையும் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவர் போனதுல உனக்கு எரியுதா?" என்று கேட்டாள் தங்கை, வடிகட்டியைக் கழுவிக்கொண்டே.

"எரியுது."

"ரொம்பவா?"

"நேத்து ரொம்ப. இன்னைக்குப் பரவாயில்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். வெட்டிய கோட்டைப் பற்றி அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்திலிருந்து அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. "நீ ஒத்துக்கிட்டதே பெரிசு" என்று அவள் அவன் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போன் அதிர்ந்தது. மாப்பிள்ளைதான், அங்கிருந்து. நாளைக்குப் பேச்சு, இன்று ஒத்திகையில் ஒருவர் கேட்டாராம், இன்னும் வேகமாகக் குளிர்வித்தால் பந்துகள் கலைய நேரம் கிடைக்குமா கிடைக்காதா என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை மச்சான், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

பதில் கண்ணாடிக்குத் தெரியும். இந்த உலகத்தில் அதைத் தெரிந்தவர்கள் மிஞ்சி மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அவன் போனைக் கவிழ்த்து அடுப்பு மேடையில் வைத்தான். டீ நன்றாக இருந்தது. நின்றபடியே நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான்.